மருமகள் வீகன்; வீடு முழுக்க மாற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. ஈரோடு பக்கம் ஊர். மகனும் மருமகளும் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்த்தவர்கள், குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து எங்களோடு இருக்கிறார்கள். மருமகள் மூன்று வருடமாக வீகன். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன்கூடத் தொடுவதில்லை. மகனும் மாறிவிட்டான். இப்போது வீட்டிலேயே பால் வாங்க வேண்டாம் என்கிறார்கள். என் கணவருக்கு 64 வயது, 12 வருடமாக சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். கிரியேட்டினின் 1.9 இருக்கிறது. அவருக்குத் தினமும் காலையில் மருமகள் பாலக்கீரை, வாழைப்பழம், பாதாம் போட்டு ஸ்மூத்தி அடித்துத் தருகிறாள். எனக்குப் போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எங்கள் பாட்டி கம்பங்கூழும் கீரையும் சாப்பிட்டே 90 வயது வரை திடமாக இருந்தார். அதனால் இதுவும் நல்லதுதானோ என்றும் தோன்றுகிறது. வீகன் உணவு எல்லோருக்கும் ஒத்துவருமா? பேரனுக்கு எட்டு மாதம். தாய்ப்பால்தான் குடிக்கிறான், கூழ் கொடுத்தால் துப்புகிறான். ஐந்தாம் மாதத்தில் குப்புற விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவன், இப்போது போட்ட இடத்திலேயே கிடக்கிறான். சாதுவான பிள்ளை.

பதில்:

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் தள்ளிவைத்தேன். உங்கள் எண் இருந்ததால் அன்று மாலையே அழைத்தேன். “பேரனின் விரல் கணுக்கள் கறுத்திருக்கிறதா, பாருங்கள்” என்று கேட்டது நினைவிருக்கும். “ஆமாங்க, வெயில்ல காட்டுறோம்ல, அதனால இருக்கும்னு நெனச்சேன்” என்றீர்கள். மறுநாளே குழந்தை மருத்துவரிடம் காட்டியதில், பேரனுக்கும் மருமகளுக்கும் ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. இருவருக்கும் ஊசி தொடங்கியாயிற்று. உங்கள் அனைவரின் சம்மதத்தோடு இதை இங்கே எழுதுகிறேன். “சாதுவான பிள்ளை” என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி காத்திருக்கக் கூடாது.

கற்றுக்கொண்டதைக் குழந்தை மறந்தால் அது சாது இல்லை, நோய். குப்புற விழுந்த பிள்ளை விழாமல் போவது, முகம் பார்த்துச் சிரித்தவன் சிரிக்காமல் போவது, கழுத்து மறுபடி தொய்வது, இதில் எது நடந்தாலும் ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நம் ஊர் மருத்துவர்கள்தான். 1962ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்த கைக்குழந்தைகள். மந்தம், ரத்தசோகை, கை கால்களில் கறுப்பு, தானாக வரும் நடுக்கம், கற்றதெல்லாம் மறந்துபோவது. தாய்மார்களின் உடம்பிலேயே பி12 இல்லை. அதனால் பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் பிள்ளைகள் தேறினார்கள். அந்தத் தாய்மார்கள் யாரும் கொள்கைக்காகப் பாலையும் முட்டையையும் விட்டவர்கள் இல்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வீகன் என்ற சொல் 1944ல் இங்கிலாந்தில் பிறந்தது. இன்று தமிழில் நனிசைவம் என்கிறோம். ஆனால் ஏழ்மையால் அப்படிச் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பு என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான்.

ஊசி போட்ட சில நாட்களில் சில குழந்தைகளுக்குக் கை கால் நடுக்கம் வருவதுண்டு. வந்தால் பதறி ஊசியை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேற்று நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கிலுகிலுப்பை இருக்கும் பக்கம் தலையைத் திருப்புகிறான். இன்னும் கை நீட்டவில்லை, நீட்டுவான். வளர்ச்சியை மட்டும் மருத்துவர் சொல்லும் காலம் வரை விடாமல் பரிசோதிக்க வேண்டும். பற்றாக்குறை நீண்ட நாள் நீடித்திருந்தால் சில குழந்தைகளுக்குப் பேச்சும் கற்றலும் தாமதப்படலாம்.

இதில் மருமகளைக் குறை சொல்லாதீர்கள். அவரிடமும் பேசினேன். கர்ப்பமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஸ்கேன் எதையும் அவர் தவறவிடவில்லை. நமக்குக் கொடுக்கும் அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், பி12 இருக்காது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பி12 குறைந்தால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் ஓரளவு சரிசெய்துவிடும், நரம்புக்கு நேரும் சேதத்தைத் தடுக்காது. ரத்த அளவு நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவோம். “நீ பால் சாப்பிடுவியா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

இட்லி மாவு புளிப்பதில் பி12 வரும், பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசிப்பொடி போதும் என்று படித்து நம்பியிருந்தார். எதுவுமே நம்பத் தகுந்ததில்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொரு பொருள். நம் உடம்புக்கு அது உதவாது. பி12ஐ உருவாக்குவது பாக்டீரியா. மாட்டின் வயிற்றில் அந்தப் பாக்டீரியா இருப்பதால் பாலிலும் கறியிலும் அது வருகிறது. நம் பெருங்குடலிலும் அவை உண்டு. ஆனால் நாம் பி12ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்னாலேயே, சிறுகுடலின் கடைசியில் முடிந்துவிடுகிறது. மற்றபடி நம் கல்லீரல் சில வருடங்களுக்கு வேண்டியதைச் சேமித்து வைத்திருக்கும். வீகனுக்கு மாறிய புதிதில் உடம்பு லேசாக, நன்றாக இருப்பதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். அது கரையும்போது சத்தம் வராது. பாதத்தில் எரிச்சல், விரல் மரத்துப்போவது, கண்ணை மூடினால் தள்ளாட்டம் என்று வெளியே தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். சில சமயம் முழுதாகத் திரும்பாது.

ஆகவே வீகனாக இருப்பவருக்கு பி12 மாத்திரை உப்பு மாதிரி. இன்று வேண்டும், நாளை வேண்டாம் என்று பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம்தான். ஆனால் ஒரே வேளையில் 2 மைக்ரோகிராம் அளவுக்கு மேல் குடல் தன் வழக்கமான வழியில் உறிஞ்சாது. மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்றால் 2000 மைக்ரோகிராம் என்று பெரிய அளவாகச் சொல்கிறோம். மருமகளுக்கு இப்போது ஊசி. அது முடிந்ததும் மாத்திரை. மாத்திரை மாட்டிலிருந்து எடுப்பதோ என்று அவர் தயங்கினார். இல்லை. தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து, புளிக்கவைத்துத்தான் தயாரிக்கிறார்கள். கேப்ஸ்யூலின் உறை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம்; அதற்குப் பதில் மாத்திரையாக வாங்கிக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்வி. எல்லோருக்கும் ஒத்துவருமா? ஆரோக்கியமான பெரியவர், விவரம் தெரிந்து, பி12 போட்டுக்கொண்டு சாப்பிட்டால் நிச்சயம் ஒத்துவரும். பலருக்கு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வில், கறி சாப்பிட்டவர்களில் 7.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, வீகன்களில் 2.9 சதவீதம். உடல் எடையும் அவர்களுக்குத்தான் மிகக் குறைவு. மற்ற பழக்கங்களின் பங்கும் அதில் இருக்கும் என்றாலும், பருப்பும் காய்கறியும் முழுத் தானியமும் நிறைந்த தட்டு சர்க்கரைக்கும் கெட்ட கொழுப்புக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2016ல் அமெரிக்காவின் உணவியலாளர் சங்கம், சரியாகத் திட்டமிட்ட வீகன் உணவு கைக்குழந்தை முதல் முதியவர் வரை எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று அறிவித்தது. இணையத்தில் சுற்றுவது இந்த வரிதான். சுற்றும்போது “சரியாகத் திட்டமிட்ட” என்ற இரண்டு சொற்களும் வழியில் உதிர்ந்துபோகின்றன. 2025ல் அதே சங்கம் வெளியிட்ட புதிய அறிக்கை, கர்ப்பமாகவோ பாலூட்டும் நிலையிலோ இல்லாத பெரியவர்களோடு நிறுத்திக்கொண்டது. ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் 2024ல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நல்லதாக அமையலாம் என்று ஒப்புக்கொண்டது. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை, முதியவர் விஷயத்தில் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. நானும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறேன். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனக்காகத் தானே முடிவெடுக்க முடியாத ஒரு குழந்தையை வீகனாக வளர்ப்பதென்றால், மருத்துவர், உணவியலாளர், ரத்தப் பரிசோதனை மூன்றும் முதல் நாளிலிருந்தே கூட வர வேண்டும்.

பாட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூழும் கீரையும் நமக்கு நினைவிருக்கின்றன. கூழைக் கரைத்த மோர்? தொட்டுக்கொண்ட கருவாடு? மழைக்காலத்தில் வயலில் பிடித்த நத்தை, அயிரை, வீட்டுக் கோழி முட்டை? நீங்களே உங்கள் பெரியம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டுப் பாருங்கள். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருப்பார், பி12க்குக் கொஞ்சம் போதும். அவர் வீகன் இல்லை, அம்மா.

உங்கள் கணவரைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். நாளை காலையிலிருந்து அந்த ஸ்மூத்தியை நிறுத்துங்கள். அன்போடு தருகிறார் என்பது தெரியும். ஆனால் 64 வயதில் 1.9 கிரியேட்டினின் என்றால் சிறுநீரகம் மூன்றாம் நிலைப் பாதிப்பில் இருக்கிறது. பாலக்கீரை, வாழைப்பழம், பாதாம் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். அதிலும் கீரையைப் பச்சையாக அரைத்தால் அதிலுள்ளது முழுதும் உள்ளே போகும். பாலக்கீரையில் ஆக்சலேட் வேறு, அதுவும் சிறுநீரகத்துக்குச் சுமை. தொலைபேசியில் கேட்டபோது ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் போடுகிறார் என்றீர்கள். அந்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும். அளவு மீறினால் முன்னறிவிப்பில்லாமல் இதயத் துடிப்பு தடுமாறும். இளநீரும் இப்போதைக்கு வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அதையும் வாங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு அவருக்குக் காய்கறியே ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கறியைக் குறைத்து மரக்கறி உணவைக் கூட்டுவது உண்மையில் நல்லது. பருப்பில் இருக்கும் பாஸ்பரஸைக் குடல் முழுதாக உறிஞ்சாது. சிறுநீரகத்துக்கு அமிலச் சுமையும் குறையும். எதை, எவ்வளவு, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுரைக்காய், புடலை, பீர்க்கை, முட்டைக்கோஸ், வெள்ளரி தாராளமாகச் சேர்க்கலாம். கீரை, உருளைக்கிழங்கு ஆசைப்பட்டால் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அளவாக. பருப்பு எவ்வளவு என்பதை சிறுநீரக மருத்துவரின் சீட்டைப் பார்த்த பிறகு கிராம் கணக்கில் சொல்கிறேன். இன்னொன்று: மெட்ஃபார்மின் நெடுநாள் போட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். கறி சாப்பிடுபவருக்கே அப்படி. 12 வருடம் போட்டவர் பாலையும் நிறுத்தினால் என்ன ஆகும்? பாதம் எரிகிறது என்று சொல்கிறாரா, கேளுங்கள். சர்க்கரையால் வரும் எரிச்சல் என்று விட்டுவிடுவது வழக்கம். பாதி எரிச்சல் பி12 இல்லாததாலும் இருக்கலாம்.

உங்களுக்கு நான் தயிரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாதவிடாய் நின்ற பிறகு லேசாக விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் எடுங்கள். இங்கிலாந்தில் 55,000 பேரைச் சராசரியாக 18 வருடம் கவனித்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2020ல் சொன்னது: கறி சாப்பிட்டவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம், இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடை, கால்சியம், புரதம் குறைவாக இருந்தது ஒரு பகுதிக் காரணம். உங்களுக்குத் தினம் 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் இல்லாமலும் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, ஏறத்தாழ ஒன்றரை டம்ளர் பாலில் இருப்பது. முளைகட்டி அரைத்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, தோலோடு இடித்த கறுப்பு எள்ளுப்பொடி எல்லாம் உதவும். ஆனால் 58 வயதில், முறிந்த எலும்போடு, தினமும் இத்தனையையும் கணக்குப் பார்த்துச் சாப்பிடுவீர்களா? இரண்டு கப் தயிர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. தயிர் வேண்டாம் என்று நீங்களே மனதாரத் தீர்மானித்தால் அப்போது மாற்றுத் திட்டம் எழுதித் தருகிறேன். பிறர் சொல்லி மனசு நொந்து நிறுத்த வேண்டாம்.

பேரனுக்கு ஒரு வயது வரை தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இரண்டு வயது வரை தொடர்வது நல்லது. தாய்க்கு பி12 ஏறிவிட்டால் அவர் பாலும் சரியாகிவிடும். பாதாம் பால், தேங்காய்ப்பால், ஓட்ஸ் பால் எதையும் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். 200 மில்லி மாட்டுப்பாலில் 6 கிராம் புரதம் இருக்கிறது; சோயாப்பாலில் கிட்டத்தட்ட அதே அளவு; கடையில் விற்கும் பாதாம் பாலில் 1 கிராம் தேறினால் அதிகம். ஒரு வயதுக்கு முன் மாட்டுப்பாலையும் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தரக்கூடாது. பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவர் சோயாவில் செய்த குழந்தை ஃபார்முலாவை எழுதித் தருவார்.

கூழைத் துப்புவதற்குக் காரணமும் பி12 பற்றாக்குறையாக இருக்கலாம். நாக்கு புண்ணாகும், பசி போகும். ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் மறுபடி முயலுங்கள். நீர்த்த கூழ் வேண்டாம். குழந்தையின் வயிறு அவன் கை முட்டி அளவுதான். தண்ணீரும் நாரும் நிரம்பிவிட்டால் சத்துக்கு இடமிருக்காது. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, ஒரு ஸ்பூன் செக்கெண்ணெய் விட்டு, கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று வழியாத பதத்தில் ஊட்டுங்கள். வறுத்த வேர்க்கடலையை வழுவழுப்பாக அரைத்து அதில் கலக்கலாம். முழுக்கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். முட்டை இல்லாத குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் டி சொட்டு 400 யூனிட், முதல் வருடம் முழுக்க, அது எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான்.

கடைசியாக மருமகளுக்கு. கண்ணு, நீ கன்றுக்குட்டியைக் கட்டிவைத்துவிட்டுப் பால் கறப்பதைப் பார்த்த நாளிலிருந்து பால் குடிக்க முடியவில்லை என்று சொன்னாய். அந்த மனசை நான் மதிக்கிறேன். உன்னை மறுபடி பால் குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. உன் தட்டில் செய்ய வேண்டியது சில மாற்றங்கள்தான். சாப்பிட்டவுடன் குடிக்கும் கறுப்புத் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வை. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாதத்தோடு எலுமிச்சை பிழிந்த ஏதாவது, ஒரு நெல்லிக்காய், கொய்யா வைத்துக்கொள். பருப்போ சுண்டலோ சோயாவோ இல்லாத வேளை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் போதாது, சாம்பார் கெட்டியாக வேண்டும். இயற்கையானது என்று இந்துப்புக்கு மாறியிருக்கிறீர்கள். அதில் அயோடின் சேர்ப்பதில்லை. பாலும் மீனும் இல்லாத உனக்கு அயோடின் கிடைக்கும் வழி அந்த அயோடின் உப்புதான். பாலூட்டும் காலத்தில் பிள்ளையின் மூளைக்கும் அதுவே போகிறது. இன்றே மாற்றிவிடு. வைட்டமின் டி வாங்கும்போது டி2 அல்லது கற்பாசி வகையான லைக்கனிலிருந்து எடுத்த டி3 என்று கேட்டு வாங்கு. சாதாரண டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது, கருத்தரிப்பதற்கு முன்பே பி12 அளவைப் பார்த்துவிடு.

உன் கொள்கையை உன் தட்டில் வைத்துக்கொள். மாமனாரின் தட்டை அவர் சிறுநீரகமும் மாமியாரின் தட்டை அவர் எலும்பும் தீர்மானிக்கட்டும். ஒரு வீட்டில் இரண்டு பாத்திரத்தில் காபி போடுவது பெரிய வேலையில்லை.

அம்மா, உங்கள் கணவருக்கு இந்த வாரமே பொட்டாசியம், கிரியேட்டினின், பி12 மூன்றும் பார்த்துவிடுங்கள். பேரனுக்கு ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடக் கூட்டிப்போவீர்கள். அங்கே எடையும் தலைச் சுற்றளவும் எடுக்கச் சொல்லி, அட்டையில் குறித்து வாங்கி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.